நான்காம் மன்றாட்டு

இதனால் சகல விசுவாசிகளுக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: எங்கள் பங்கின் வழிபாட்டுக் குழுத் தலைவியும் பாடகர் குழுத் தலைவரும் ஏழு ஆண்டுகள் நான்கு மாதங்கள் நீடித்த பகையைக் களைந்து, பங்குத்தந்தை முன்னிலையில், பங்குப் பேரவை உறுப்பினர் பதினொருவர் சாட்சியாக, ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் செய்துகொண்டார்கள். நேரம், ஞாயிறு காலை ஒன்பது நாற்பது. இடம், மறைக்கல்வி அறை. செய்தி ஆயர் இல்லத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டது. பங்கு மடலின் முதல் பக்கத்தில் புனிதரின் படத்தை எடுத்துவிட்டு, இருவரும் கைகுலுக்கும் படத்தைப் போட்டார்கள். படத்தில் தலைவியின் முகம் சிரிக்கிறது. கை சிரிக்கவில்லை.

இவ்வளவு பெரிய அற்புதம் சும்மா நடந்துவிடாது. எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பள்ளி அவரை விட்டுவிட்டது. அவர்தான் பள்ளியை விடவில்லை. பூசைக்குத் தாமதமாக வருபவர்களை ஒரு பார்வை பார்ப்பார். ஐம்பது வயது வக்கீலுக்கும் கையை நீட்டிவிடலாமா என்று தோன்றும். எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’. பாடகர் குழுத் தலைவர் பல் மருத்துவர். தன்னைத் தவிர யார் வாயைத் திறந்தாலும் உள்ளே ஏதோ கோளாறு இருக்கும் என்பது தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த மறையுண்மை.

பகைக்கு மூலகாரணம் ஒரு கைக்கடிகாரம். நற்கருணைப் பாட்டின் ஆறாவது சரணத்தில் டீச்சர் மணி பார்த்தார். அவர் மணி பார்த்ததை டாக்டர் பார்த்தார். அடுத்த ஞாயிறு, விசுவாசிகள் மன்றாட்டில் போர் வெடித்தது.

மறையுரை முடிந்த பிறகு ஐந்து மன்றாட்டுகள் படிக்கப்படும். ஒவ்வொன்றும் ‘உம்மை மன்றாடுகிறோம்’ என்று முடியும். உடனே நாங்கள் முந்நூறு பேரும், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்போம். இதற்கு யோசனை தேவையில்லை. காதுகூடத் தேவையில்லை. ‘மன்றாடுகிறோம்’ வந்தால் போதும், சுவிட்சைத் தட்டிய விளக்குபோல் எரிவோம். அன்று டாக்டர் எழுந்து, “உமது சந்நிதியில் அமர்ந்துகொண்டு கடிகாரத்தை வணங்குவோர் மனந்திரும்ப வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்” என்றார். எரிந்தோம். மறுவாரம் டீச்சர், “தங்கள் குரலைத் தாங்களே கேட்டு மயங்கிக் கிடப்போர் தெளிவு பெற வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்” என்றார். அதற்கும் எரிந்தோம். இப்படியே ஆறு வருடங்களுக்கு மேல். நாங்கள் யார் பக்கம் என்று கடவுளுக்கு ஒரு துப்பும் கிடைத்திருக்காது.

கடைசியில் பங்குத்தந்தை தலையிட்டு மன்றாட்டுகளைப் பாகப்பிரிவினை செய்தார். திருச்சபை, பங்கு, இறந்தோர் ஆகிய ஒன்று, மூன்று, ஐந்து டீச்சருக்கு. ஆட்சியாளர்கள், நோயாளிகள் ஆகிய இரண்டும் நான்கும் டாக்டருக்கு. இதில் ஒரு சிறு விஷயத்தை ஃபாதர் கவனிக்கவில்லை. நோயாளிகளின் பெயர் எழுதிப் போடும் சீட்டுப்பெட்டியின் சாவி டீச்சரிடம் இருந்தது. பெயரைப் படிக்கும் உரிமையோ டாக்டரிடம். ஆகவே அதற்குப் பிறகு எந்த நோயாளியின் பெயரும் படிக்கப்படவில்லை. நோயாளிகள் குணமானார்கள், அல்லது ஐந்தாவது மன்றாட்டுக்குப் போனார்கள்.

இந்த நிலையில்தான் மைக்காரரின் மனைவி படுத்தாள்.

மைக்காரர் எலெக்ட்ரீஷியன். பதினான்கு வருடங்களாக எங்கள் ஒலிபெருக்கி அவர் பொறுப்பு, சேவையாக. இடப்பக்கத் தூணுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரோடு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மைக் ஒழுங்காக இருக்கும்வரை அப்படி ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. கீச்சென்று சத்தம் வந்தால் முந்நூறு தலைகளும் தூணின் பக்கம் திரும்பும். அவர் மனைவி பத்தொன்பது வருடங்களாகப் பீடத் துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொடுத்துவந்தவள். அவளையும் துணியில் கறை இருந்தால்தான் நினைப்போம்.

வியாதி ஈரலில். ஆஸ்பத்திரி டாக்டர்கள், “வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைச் செஞ்சு குடுங்க” என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். வீடு கோவிலின் பின்சந்தில். மைக்காரர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, ஃபாதர் பூசைக்கு உடை மாற்றும் திருவுடை அறையின் ஜன்னல் வழியாக, மதில்மேலாக, மழைநீர்க் குழாயில் கட்டி, படுக்கையறை வரை கொண்டுபோனார். மாத்திரைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி. பூசை அவள் தலைமாட்டில் கேட்டது.

“எனக்கு ஒண்ணு செய்யணும் நீங்க,” என்றாள் ஒருநாள்.

“சொல்லு.”

“குணமாகணும்னு கேக்கச் சொல்லல. ஒரே ஒரு தடவை என் பேரை மைக்ல சொல்லச் சொல்லுங்க. நான் கேக்கணும்.”

“இது ஒரு பெரிய விஷயமா. நான்தானே மைக்கு.”

“நீங்க மைக்கு இல்ல. மைக்குக்குக் கரண்டு.” சிரித்தாள்; வலித்தது; நிறுத்தினாள். “செத்தா கண்டிப்பா படிப்பாங்க, அஞ்சாவதுல. அது எனக்கு எங்க கேக்கப்போகுது.”

வெள்ளிக்கிழமை காலை, மைக்காரர் சீட்டை எழுதிக்கொண்டு டீச்சரின் வீட்டுக்குப் போனார்.

“பெட்டியில வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போடணும்னு எழுதி ஒட்டியிருக்கு. பாக்கலையா?”

“நேத்து அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரியில அவளுக்கு ரத்தம் ஏத்திட்டு இருந்தாங்க டீச்சர்.”

“எல்லார்கிட்டயும் ஒரு காரணம் இருக்கும். நான் முப்பத்திரண்டு வருஷம் காரணம் கேட்டவ.” சீட்டை வாங்கினார். கண்ணாடியை மாட்டினார். சிவப்புப் பேனாவால் ஒரு சந்திப்பிழையைத் திருத்தி, ஓரத்தில் தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். “அடுத்த வாரம் நேரத்தோட போடுங்க.”

அடுத்த வாரம் திங்கட்கிழமையே போட்டார். வியாழக்கிழமை டீச்சர் பெட்டியைத் திறந்தார், சீட்டில் ‘சரி’ போட்டார், டாக்டரிடம் நேரில் கொடுப்பது தன் தகுதிக்கு இழுக்கு என்பதால் திருவுடை அறை மேசையில் ஒரு மெழுகுவர்த்திக் கட்டைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்ததும் மைக்காரரே அதை எடுத்துப்போய் நீட்டினார்.

டாக்டர் சீட்டைக் கையில் வாங்காமல் குனிந்து பார்த்தார், சொத்தைப்பல்லைப் பார்ப்பதுபோல. “இது என்ன சிவப்பு மை?”

“டீச்சர் சரி போட்டிருக்காங்க டாக்டர்.”

“அப்ப அந்தம்மா சரி போட்டதை நான் படிக்கணும். நான் யாருக்கு குமாஸ்தாண்ணே?”

“வேற சீட்டுல எழுதித் தந்திடறேன்.”

“சீட்டு பிரச்சினையே இல்ல. உங்க வீட்டம்மா எனக்கு அக்கா மாதிரி, அது வேற. இது கொள்கை.”

கொள்கை அந்த ஞாயிறு நான்காம் மன்றாட்டாக வந்தது: “தலைக்கனம் என்னும் தீராத நோயால் நெடுநாள் அவதியுறுவோரைக் குணமாக்க வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்.” கேட்டருளும் என்றோம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். “நாலாவதுல வந்தது யாரு, தெரிஞ்சவங்களா?”

“டீச்சர்.”

“ஐயோ பாவம். அவங்களுக்கும் முடியலையா.”

மூன்றாவது வாரம் பங்குத்தந்தையைப் பார்க்கப் போனார். ஃபாதர் ஆப்பிள் ஒன்றைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். தோல் அறாமல் ஒரே சுருளாக இறங்கிக்கொண்டிருந்தது. அதுதான் அவருடைய ஒரே சாகசம். மற்ற விஷயங்களில், நாற்காலியை நகர்த்துவதென்றாலும் நாற்காலியின் கருத்தைக் கேட்பார். விரைவில் ஆயர் இல்லத்துக்கு மாற்றலாகும் என்று நம்பிக்கொண்டிருந்தார். அதுவரை யாரும் மனம் கோணக்கூடாது.

“இன்னிக்கு உங்க மனைவி பேரைச் சேர்த்தா, நாளைக்கு இன்னொருத்தர் வந்து கேப்பார். அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“அவர் பேரையும் படிச்சிடலாமே ஃபாதர்.”

கத்தி நின்றது. தோல் அறுந்து மடியில் விழுந்தது. “அது ரொம்ப எளிமையான பார்வை,” என்றார் ஃபாதர், வருத்தத்தோடு. “நான் ஒண்ணு செய்யறேன். இனிமே யார் பேரும் வேண்டாம். ‘நோயுற்றோர் அனைவரும்’. எல்லாரும் சமம். கடவுளுக்கு எல்லார் பேரும் தெரியும், இல்லையா?”

“கடவுளுக்குத் தெரியும் ஃபாதர். அவளுக்குக் கேக்கணும்.”

“ஜெபிப்போம்,” என்றார் ஃபாதர். உரையாடல் முடிந்தது என்பதற்கு அவர் வைத்திருந்த சொல் அது.

ஞாயிறன்று அந்த முடிவு பீடத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. அதே பூசையில் நான்காம் மன்றாட்டில், ஆயர் இல்லச் செயலரின் சித்திக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக நடக்க வேண்டுமென்று உருக்கமாக வேண்டிக்கொண்டோம். பூசை முடிந்ததும் மைக்காரர் கேட்டதற்கு ஃபாதர், “அதுல பேரே வரலையே, உறவுமுறைதானே வந்தது” என்றார்.

“அப்ப மைக்காரர் பெண்சாதின்னாவது...”

ஃபாதர் காருக்குள் ஏறியிருந்தார்.

நான்காவது வாரத்துக்குள் அவள் கண் மஞ்சளாகி, கால் வீங்கிவிட்டது. அவள் தங்கை வந்து கூடவே தங்கினாள். புதன்கிழமை டீச்சரே மைக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

“பாட்டுக் குழு மைக்கைக் கொஞ்சம் இறக்கி வைங்க. ஜனங்க ஜெபிக்க வர்றாங்க, கச்சேரி கேக்க வரல. அதைச் செஞ்சீங்கன்னா, ஃபாதர் என்ன சொன்னாலும் சரி, உங்க வீட்டம்மா பேரை நான் என்னோட அஞ்சாவதுல சேர்த்துப் படிச்சிடறேன்.”

“அஞ்சாவது செத்தவங்களுக்கு டீச்சர்.”

“சரி, மூணாவதுல.”

சனிக்கிழமை டாக்டர் அவர் தோளில் கைபோட்டார். “அண்ணே, அந்தம்மா படிக்கும்போது மைக்கு கொஞ்சம் கீச்சுன்னு கத்துச்சுன்னா தப்பா? சும்மா ரெண்டு தடவை. நாலாவது மன்றாட்டு என் கையில. அக்கா பேரை முதல்ல வச்சிடறேன்.”

பதினான்கு வருடங்களில் மைக்காரர் ஒரு குமிழைக்கூடத் தப்பாகத் திருகியதில்லை. இரண்டில் ஒருவராவது சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று கணக்குப் போட்டார். அந்த ஞாயிறு இரண்டையும் செய்தார். பாடகர் குழு கிணற்றுக்குள் இருந்து பாடியது. டீச்சரின் வாசகத்தில் இறைவாக்கினர் விசிலடித்தார். டாக்டரின் பாட்டை அமுக்கச் சொன்னது டீச்சர்தான் என்று டாக்டருக்குப் புரிந்தது. தன் வாசகத்தைக் கத்தவிட்டது டாக்டர்தான் என்று டீச்சருக்குப் புரிந்தது. தாங்கள் கொடுத்த வாக்கு மட்டும் இருவருக்குமே நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் மன்றாட்டு, “விலைபோகும் ஊழியர்களுக்காக”. நான்காம் மன்றாட்டு, “இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்வோருக்காக”. இரண்டையும் கேட்டருளச் சொன்னோம். சிலர் தூணைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னோம்.

“இன்னிக்குப் பெட்டி சரியில்ல,” என்றாள் மனைவி. “என்னவோ பண்ணிட்டீங்க நீங்க.”

அவர் அவள் காலில் எண்ணெய் தடவி நீவிவிட்டார். பெயரைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஐந்தாம் ஞாயிறு, டீச்சர் மூன்றாவதைப் படித்து இறங்கினார். டாக்டர் நான்காவதுக்காக வாசக மேடையில் ஏறிக் காகிதத்தை விரித்தார். அப்போது மைக்காரர் தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்து, ஹெட்போன் கழுத்தில் தொங்க, பீடத்தை நோக்கி நடந்தார். யாரும் தடுக்கவில்லை. பூசை நடுவில் அவர் பீடத்துக்குப் போனால் ஒயர் கழன்றிருக்கிறது என்றுதான் அர்த்தம். டாக்டர் தாமாகவே ஒதுங்கி வழிவிட்டார்.

மைக்காரர் மைக்கை விரலால் தட்டினார். “ஹலோ,” என்றார். அது பழக்கம்.

பிறகு மனைவியின் பெயரைச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருப்பதுபோலத் தன் பெயரை முன்னால் சேர்த்து, நிதானமாக, இரண்டு தடவை சொன்னார். “அவளுக்கு முடியல. பின்னாடி சந்துல இருக்கா. இங்க விரிச்சிருக்கிற துணியெல்லாம் அவ துவைச்சதுதான். அவ்வளவுதான்.”

முந்நூறு பேர் காத்திருந்தோம். ‘மன்றாடுகிறோம்’ வரவில்லை. வராமல் எப்படிப் பதில் சொல்வது? முன்வரிசையில் ஒருவர் “ஆண்ட...” என்று தொடங்கினார், அவர் மனைவி முழங்கையால் இடித்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார். கடிகாரத்தை வணங்குவோருக்கும் தலைக்கனத்துக்கும் செயலரின் சித்தியின் கண்ணுக்கும் வாய் நிறையப் பதில் சொன்ன கூட்டம், பேசாமல் நின்றது. மைக்காரர் தலையை ஆட்டிவிட்டுத் தூணுக்குத் திரும்பினார். ஃபாதர் பதறிப்போய் முடிவுச் செபத்துக்குத் தாவிவிட்டார். டாக்டரின் நான்காவதும் போயிற்று, டீச்சரின் ஐந்தாவதும் போயிற்று.

பூசை முடிந்ததும் மறைக்கல்வி அறையில் அவசரக் கூட்டம். குழந்தைகளுக்கான குட்டை பெஞ்சுகளில் பேரவை முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்து அமர்ந்திருந்தது. மைக்காரரை வாசலருகில் நிற்கச் சொன்னார்கள்.

“பீடத்துல ஏறி ஹலோன்னு சொல்றதா?” என்றார் டீச்சர். “யாரோட பேசறதா நினைப்பு?”

“டீச்சர் சொல்றது நூத்துக்கு நூறு சரி,” என்றார் டாக்டர்.

ஏழு வருடங்கள் நான்கு மாதங்களில் முதல் தடவை. டீச்சர் மெல்லத் திரும்பினார்.

“டாக்டர் பாட்டைப் போன வாரம் அப்படி அமுக்கினது எனக்கே மனசு கேக்கல,” என்றார்.

“உங்க வாசகம் கத்தினப்போ நான் காதைப் பொத்திக்கிட்டேன் டீச்சர்.”

ஃபாதரின் கண்கள் கலங்கின. மாற்றல் உத்தரவு அவர் கண்முன் தட்டச்சாகிக்கொண்டிருந்தது. பேரவைச் செயலாளர் மட்டும், காரியம் தெரியாத மனிதர், மைக்காரரிடம் கேட்டுவிட்டார். “போன வாரம் யார் சொல்லி அப்படிச் செஞ்சீங்க?”

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் தன் விரல் நகங்களைப் பார்த்தார். மைக்காரர் இருவரையும் பார்த்தார். அந்த நிமிடம் அவர் வாயைத் திறந்திருந்தால் எங்கள் பங்கில் இன்றும் ஆரோக்கியமான பகை இருந்திருக்கும். ஆனால் அவர் முகத்தில் கோபமே இல்லை. ஒரு பெரிய வேலையை முடித்தவனின் அமைதி இருந்தது.

“நானாத்தான் செஞ்சேன்,” என்றார். “நான் வீட்டுக்குப் போகட்டுமா? அவ காத்துட்டிருப்பா.”

போக விடவில்லை. முதலில் கைகுலுக்கல், பிறகு படம், பிறகு தீர்மானங்கள். ஒன்று, மைக்காரர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அலமாரிச் சாவியை ஒப்படைக்க வேண்டும். இரண்டு, அனுமதியின்றித் திருப்பலியைத் தனியார் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் ஒயர் உடனே அகற்றப்பட வேண்டும். முன்மொழிந்தவர் டீச்சர், வழிமொழிந்தவர் டாக்டர். மூன்று, அவருடைய பதினான்கு வருட சேவைக்கு நன்றி. மூன்றும் ஒருமனதாக நிறைவேறின.

எந்த ஒயர் எங்கே போகிறது என்பது வேறு யாருக்கும் தெரியாது. ஆகவே அவரையே கழற்றச் சொன்னார்கள். ஏணியை அவரே கொண்டுவந்தார். ஜன்னலிலிருந்து மதில்வரை, மதிலிலிருந்து குழாய்வரை கழற்றி, முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே ஒழுங்காகச் சுற்றினார். கீழே டீச்சரும் டாக்டரும் தோளோடு தோள் நின்று மேற்பார்வையிட்டார்கள். “குழாய்கிட்ட ஒரு துண்டு விட்டுட்டீங்க பாருங்க,” என்றார் டீச்சர். “ஆமா, அங்க,” என்று டாக்டர் கைகாட்டினார்.

துண்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு மைக்காரர் சந்துக்குள் ஓடினார். ஐம்பத்தாறு வயதில் அவர் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. மைத்துனி கதவைத் திறந்தாள்.

“கேட்டாளா?”

“எதை அத்தான்?”

“மைக்ல. பேரைச் சொன்னேனே.”

மைத்துனி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கையறைப் பக்கம் திரும்பினாள். காலையில் அவர் கோவிலுக்குப் போன பிறகு, வலி தாங்காமல் நர்ஸை வரவழைத்து ஊசி போட்டதாகச் சொன்னாள்.

அவள் தூங்கிவிட்டதால், பூசை தொடங்கும் முன்பே பெட்டியை அணைத்துவிட்டார்கள்.